ஜிம்மியைக் கொன்றது அந்த ஊசி அல்ல

கேள்வி: எங்கள் வீட்டில் 55 நாள் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஏழு இன் ஒன், கொரோனா, கென்னல் காஃப், ரேபிஸ் என்று நான்கு ஊசிகள் இருக்கின்றன. நாட்டு நாய்க்கு ரேபிஸ் ஒன்றே போதும் என்கிறார் மாமனார். மெடிக்கலில் வாங்கி நாமே போட்டுவிடலாம் என்கிறார் கணவர். தடுப்பூசியால் கிட்னி போய்விடும் என்று யூடியூபில் பார்த்தேன். போன ஐப்பசியில் ஜிம்மி என்ற குட்டிக்கு 48ஆம் நாள் அப்படித்தான் வாங்கிப் போட்டோம். முதல் நாள் ராத்திரியே அது பால் குடிக்காமல் சுருண்டு படுத்திருந்தது. ஊசி போட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் ரத்தமாகப் போய் இறந்துவிட்டது. திண்ணை, முற்றம் எல்லாம் பினாயில் விட்டுக் கழுவிவிட்டேன். ஆறு வயது மகள் இன்னும் ஜிம்மியைக் கேட்கிறாள். எந்த ஊசி அவசியம், எது வேண்டாம் என்று பட்டியல் போட்டுச் சொல்லுங்கள், டாக்டர்.
- வாசகி, கோவில்பட்டி

பதில்: பட்டியல் தருகிறேன் அம்மா. அதற்கு முன்னால் ஜிம்மி.

ஜிம்மியைக் கொன்றது நீங்கள் போட்ட ஊசி அல்ல. இரண்டு மாதம்கூட ஆகாத குட்டி, சாப்பாட்டை ஒதுக்கி, ரத்தமாகப் போய், நாலைந்து நாளில் இறந்தால் அது அநேகமாகப் பார்வோ என்ற வைரஸ் நோய். அந்தக் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஊசிக்கு முந்தைய ராத்திரியே அது பாலைத் தொடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஊசிக்குப் பல நாள் முன்பே நோய் உள்ளே வந்துவிட்டது. தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கச் சில நாட்களாவது வேண்டும். அந்த அவகாசம் ஜிம்மிக்குக் கிடைக்கவில்லை. "நான் போட்டதால்தானா?" என்று நீங்கள் எங்கும் கேட்கவில்லை. ஆனால் ஊசிப் பட்டியல் கேட்ட கடிதத்தில் பாதி ஜிம்மியைப் பற்றியே இருக்கிறது. மகள் மறுபடி கேட்டால், அதற்கு முன்னாடியே உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று தயங்காமல் சொல்லுங்கள். அதுதான் உண்மை.

தவறு நடந்த இடம் வேறு. சோர்ந்து கிடந்த குட்டிக்கு அன்று தேவைப்பட்டது சிகிச்சை. ஒரு டாக்டர் அதைத் தூக்கி மேஜையில் வைத்து, காய்ச்சல் பார்த்து, ஈறின் நிறம் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கு ஊசியே போட்டிருக்க மாட்டார். ஊசிக்கு முந்தைய அந்த ஐந்து நிமிடப் பரிசோதனையை மெடிக்கலில் விற்பதில்லை. உங்கள் கணவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். குப்பியின் விலைக்கும் டாக்டர் வாங்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பரிசோதனைக்கும், குளிர் மாறாமல் மருந்தைக் காப்பதற்கும்தான். நாய்க்குப் போடும் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கோவில்பட்டி வெயிலில் வெறும் பாலிதீன் பையில் போட்டு, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தால் அதில் என்ன மிஞ்சும்? இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஏழு இன் ஒன் மாதிரியான கூட்டு ஊசி இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் காய்ந்த பொடி, மற்றொன்றில் திரவம். பொடியைத் திரவத்தில் கரைத்துப் போட வேண்டும். திரவத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் பொடிக் குப்பியைத் தூக்கி எறிந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பார்வோவுக்கான மருந்து இருப்பதே அந்தப் பொடியில்தான். ஊசி போட்டும் நோய் வந்துவிட்டதே என்று அவர்கள் அழுதார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

இப்போது நீங்கள் மனதில் நிறுத்த வேண்டிய ஒரே அறிகுறிக்கு வருகிறேன். ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குட்டி, அதுவும் தவணைகள் முடியாத குட்டி, ஒருவேளை சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுருண்டு படுத்தால், கூடவே ஒரு முறை வாந்தியும் எடுத்தால், அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ரத்தம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் வரும்போது நோய் பாதித் தூரம் போயிருக்கும். பார்வோ குடலின் உள்தோலை உரித்துவிடுகிறது, ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. குட்டி சாவது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றியும், கிழிந்த குடல் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தும்தான். இரண்டு கிலோ எடையுள்ள உயிருக்கு அரை நாள் வாந்தியும் பேதியும் மிகப் பெரிய இழப்பு. முதல் நாளே டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ஆண்டிபயாடிக் கொடுத்தால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. மூன்றாம் நாள் கொண்டு வந்தால் நரம்பு கிடைக்கவே நாங்கள் திண்டாடுகிறோம்.

இடையில் இருக்கும் அந்த இரண்டு நாளில் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். பூண்டு தட்டிக் கொடுக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் மோரை ஊற்றிப் புரையேற்றி, நுரையீரல் காய்ச்சலையும் சேர்த்துக் கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள். தூக்கிக்கொண்டு வாருங்கள், அது போதும்.

"48ஆம் நாள் போட்ட ஊசி ஏன் காக்கவில்லை, அப்படியென்றால் இதற்கு மட்டும் எப்படிக் காக்கும்?" என்று உங்களுக்குத் தோன்றும். தாயின் சீம்பாலில் குட்டிக்கு எதிர்ப்பு சக்தி வருகிறது. முதல் சில வாரம் அதுதான் காவல். அந்தக் காவலுக்கு நிஜக் கிருமியும் ஒன்றுதான், ஊசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியும் ஒன்றுதான். இரண்டையும் பிடித்து அழித்துவிடும். அது இருக்கும்வரை ஊசி பிடிக்காது. நாள் போகப் போகக் காவல் தேய்ந்து, நிஜக் கிருமியைத் தடுக்கும் பலம் இல்லாமல், ஆனால் ஊசியைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு காலம் வருகிறது. அது ஒரு குட்டிக்கு எட்டாவது வாரம், அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்குப் பன்னிரண்டாவது வாரம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். எட்டு வாரத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினாறு வாரம் முடிந்து ஒன்று. உங்கள் குட்டிக்கு இப்போது எட்டு வாரம். அதாவது முதல் தவணைக்குச் சரியான நேரம். பலரும் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றில் நம்பகமானது அந்தப் பதினாறு வார ஊசிதான், ஏனென்றால் அதற்குள் பெரும்பாலான குட்டிகளுக்குத் தாயின் மிச்சம் தீர்ந்திருக்கும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பினாயில் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்வோவை அது அழிக்காது. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஜிம்மி போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அதன் சாக்கு, தட்டு, பொம்மை எது மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சிமெண்டுத் தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு துணி வெளுக்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். காயும்வரை குட்டியை உள்ளே வையுங்கள். மண் தரையை எதைக் கொண்டும் சுத்தம் செய்ய முடியாது. கடைசித் தவணை போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியை முற்றத்து மண்ணிலும் தெருவிலும் விடாதீர்கள். நாய்கள் வந்து போகும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் செருப்பை வாசலுக்கு வெளியே விடட்டும்.

இனிப் பட்டியல். ஏழு இன் ஒன், ஒன்பது இன் ஒன் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமியின் வகைகளைத் தனித்தனியே எண்ணி அந்தக் கணக்கைக் கூட்டுகிறார்கள். அதற்குள் பார்வோ, நரம்பைக் கெடுக்கும் டிஸ்டெம்பர், ஈரலைத் தாக்கும் அடினோ என்ற மூன்று வைரஸுக்கும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இவை கட்டாயம். 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றதும் இதே டிஸ்டெம்பர்தான். நம் தெருவில் கை கால் வெட்டி வெட்டி இழுத்தபடி நடக்கும் நாய்களில் பல, அதில் பிழைத்து நரம்பு கெட்டுப் போனவை. மாமனாருக்கு மரியாதையோடு சொல்லுங்கள்: சிப்பிப்பாறை வெயிலைத் தாங்கும், முயலைத் துரத்தும், பார்வோவைத் தாங்காது. அந்தக் கிருமியே 1970களின் கடைசியில்தான் உலகில் தலைகாட்டியது. அவர் சிறுவயதில் பார்த்த நாய்களுக்கு அந்த ஆபத்தே இருந்ததில்லை.

எலிக்காய்ச்சல் ஊசியும் போடுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் வருவது, நாயிடமிருந்து உங்களுக்கும் தொற்றக்கூடியது. ரேபிஸில் பேச்சுக்கே இடமில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று, ஒரு மாத இடைவெளியில் இன்னொன்று, பிறகு வருடம் தவறாமல். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6, உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக மகள் மீது பல் பட்டால் சும்மா விடாதீர்கள். குட்டிதானே, பால் பல்தானே என்றும் நினைக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

கொரோனா ஊசி வேண்டாம். அது மனிதருக்கு வந்த கோவிட் அல்ல, மிகச் சின்னக் குட்டிகளுக்கு வரும் லேசான வயிற்றுப் போக்கு. கென்னல் காஃப் என்பது நாய்களிடையே பரவும் இருமல்; அந்த ஊசி நாயை விடுதியில் விடுகிறவர்களுக்கும் போட்டிக்குக் கொண்டு போகிறவர்களுக்கும், உங்களுக்குத் தேவையில்லை. கிட்னி பயத்தை விடுங்கள். ஊசி போட்ட அன்று சோர்வும், போட்ட இடத்தில் சிறு கட்டியும் சாதாரணம். முகம் வீங்கினால் உடனே காட்ட வேண்டும். அதற்காகத்தான் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள் என்கிறோம்.

குட்டிக்கு ஆறு மாத வயது முடிந்ததும் பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூன்றுக்கும் ஒரு பூஸ்டர். அதன் பிறகு அவற்றை வருடா வருடம் போடத் தேவையில்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் 2024ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. வருடந்தோறும் வேண்டியவை ரேபிஸும் எலிக்காய்ச்சலும் மட்டும். மிச்சமாகும் பணத்தை உண்ணி மருந்துக்கு வையுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு நம்மிடம் ஊசி கிடையாது, நம் பக்கத்தில் அதில் போகும் நாய்கள் ஏராளம்.

நாளைக் காலையில் குட்டிக்குப் பால் வையுங்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து குடித்தால், கூடையில் வைத்துக்கொண்டு முதல் தவணைக்குப் போங்கள், அங்கே தரையில் மட்டும் விடாதீர்கள். குடிக்காமல் திரும்பிப் படுத்தால், அப்போதும் போங்கள். வாசலிலேயே டாக்டரிடம், "ஊசிக்கு வரவில்லை, ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை, போன ஐப்பசியில் இதே வீட்டில் ஒரு குட்டி ரத்தமாகப் போய் இறந்தது" என்று சொல்லுங்கள்.