தலைக்குள் அழுத்தம், விழித்திரையில் தடயம்: கண் மருத்துவரிடம் கேள்விகள்

மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடினால், அது கண்ணில் ஏன் தெரிகிறது?

பார்வை நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை மூளையுறையின் தொடர்ச்சியே. அதனுள்ளும் மூளைத் தண்டுவடத் திரவம் இருக்கிறது. திரவத்தின் அழுத்தம் மிகும்போது நரம்புத் தலை, அதாவது பார்வை நரம்பு கண்ணோடு சேரும் வட்டப் பகுதி, வீங்குகிறது. விழித்திரையின் மையச் சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்) கண்ணை விட்டு நீங்கியபின் அந்த உறையைக் கடந்தே செல்வதால், இரத்தம் வடியத் தடை ஏற்பட்டுச் சிரைகள் பருத்து நெளிகின்றன.

டாக்டர், என் அறிக்கையில் 'சிரைத் துடிப்பு இல்லை' என்றிருக்கிறது. அழுத்தம் கூடிவிட்டது என்று பொருளா?

அப்படி முடிவு செய்யாதீர்கள். நரம்புத் தலையின்மேல் சிரை இதயத் துடிப்புக்கேற்பச் சுருங்கி விரிவதைப் பெரும்பாலோரிடம் காணலாம் என்றாலும், முழு நலமுள்ளவர்களிலும் சிலரிடம் அது தென்படுவதில்லை. துடிப்பு இருந்தால், அந்த வேளையில் அழுத்தம் மிக உயர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். இல்லாதது மட்டும் எதையும் நிறுவாது. ஆனால், முன்பு தெளிவாக இருந்த துடிப்பு இப்போது மறைந்திருந்தால் நான் அதைப் பொருட்படுத்துவேன். நிலைப்படத்தில் துடிப்பு பதியாது என்பதால், சில நொடிக் காணொளியும் எடுத்து வைக்கும்படி ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறேன்.

வீக்கம் போலத் தெரிவது வேறு ஏதாவதாக இருக்குமா?

இருக்கலாம். நரம்புத் தலையில் புதைந்த ட்ரூசன் என்னும் சுண்ணப் படிவுகள் அனுபவசாலிகளையும் ஏமாற்றும். ஃப்ளோரசின் சாயம் செலுத்திப் படமெடுத்தால், உண்மையான வீக்கத்தில் சாயம் கசியும், ட்ரூசனில் கசிவதில்லை. வீக்கத்தை 0 முதல் 5 வரை தரப்படுத்தும் ஃபிரிசென் அளவுகோலும், நரம்புத் தலையின் விளிம்பைத் தாண்டும் இரத்தக் குழாய்கள் எவ்வளவு மறைந்துள்ளன என்பதைக் கருத்தில் கொள்கிறது.

விழித்திரைப் படம் இயல்பாக இருந்தால், முதுகில் ஊசி போட்டு அழுத்தம் பார்ப்பதைத் தவிர்க்கலாமா?

அறிகுறிகள் வலுவாக இருந்தால் தவிர்க்க முடியாது. வீக்கம் தோன்றச் சில நாட்கள் ஆகலாம். ஏற்கெனவே நலிந்துபோன நரம்பிழைகள் வீங்குவதும் இல்லை. மூளை ஸ்கேன் பார்த்த பிறகு எடுக்கப்படும் அந்த அளவு, பெரியவர்களில் 25 செ.மீ. நீர் உயரத்தைத் தாண்டினால் மிகுதி என்று கொள்கிறோம்.

விழித்திரை அடுக்குகளை ஒளியால் அளக்கும் ஓசிடி ஸ்கேனில் நரம்பிழைப் படலத்தின் தடிமன் குறைந்துவிட்டது. குணமாகிறேனா?

வீக்கம் வடிந்தாலும் தடிமன் குறையும். இழைகள் அழிந்தாலும் குறையும். எண் ஒன்றே, பொருள் இரண்டு. எனவே பார்வைப் புலச் சோதனை (பக்கவாட்டிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) முடிவோடு சேர்த்துப் பார்க்காமல் நான் உங்களுக்கு மகிழ்ச்சியான பதில் சொல்ல மாட்டேன். குனியும்போது பார்வை சில நொடிகள் இருண்டு மீள்வது தொடர்ந்தால், அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே வாருங்கள்.