அதே படத்தை அவர் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்?

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் ஐம்பது வயது முடிகிறது. ஹாஸ்டலில் படித்த காலத்தில் வீடியோ கேசட்டில் பார்த்த ‘லீத்தல் வெப்பன்’ என்ற ஆங்கிலப் படத்தை இன்றும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்ப்பார். போன வாரம் இன்ஜினீயரிங் படிக்கும் மகனையும் ஆசையாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவன் பத்து நிமிஷத்தில், “ஒரு போலீஸ் லூசு, ஒரு போலீஸ் முசுடு. இதை ஆயிரம் படத்துல பார்த்தாச்சேப்பா” என்று எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து இவர் முகம் சரியில்லை. நடுவில் நான் எட்டிப் பார்த்தபோது கதாநாயகன் துப்பாக்கியை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தான். எனக்குப் பகீரென்றது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? அவர் மனதில் ஏதாவது கஷ்டமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வியாதி இல்லை. ஆனால் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாட்டில் நாட்டம் குறைந்திருக்கிறதா, ‘நான் இல்லாட்டி என்ன ஆயிடப்போகுது’ என்கிற மாதிரி பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் சுற்றி வளைக்காமல் அவரிடமே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமும் இல்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மகன் பாதியில் எழுந்து போன வருத்தம்தான் தெரிகிறது. அதற்கு மருந்து உங்கள் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது.

மகன் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. ‘லீத்தல் வெப்பன்’ 1987 மார்ச்சில் வந்தது. ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே வழக்கில் மாட்டிவிடும் வித்தை அதற்கு முன்பே இருந்தது. அகிரா குரோசவா 1949லேயே ‘ஸ்ட்ரே டாக்’ படத்தில் துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளனை அனுபவசாலி ஒருவரோடு டோக்கியோ வெயிலில் அலையவிட்டார். 1982ல் வந்த ‘48 ஹவர்ஸ்’ ஒரு போலீஸ்காரரையும் ஒரு கைதியையும் ஜோடி சேர்த்தது. ஆனால் 1987க்குப் பிறகு ஊர் உலகமெல்லாம் அச்செடுத்தது பெரும்பாலும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான். உங்கள் மகன் நகல்களை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு அசலுக்குக் கடைசியில் வந்திருக்கிறான். அலுப்பு வரத்தான் செய்யும்.

கதையைச் சொல்லச் சொன்னால் உங்கள் கணவரே திணறுவார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். வியட்நாம் போரில் இருந்த சில முன்னாள் ராணுவக்காரர்கள் ஹெராயின் கடத்துகிறார்கள், இரண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர்கள் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான். வில்லன்களின் திட்டம் என்ன, எந்தச் சரக்கு எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் படம் முடிந்த மறுநாளே மறந்துவிடும். மறக்காதது வீடு.

மர்ட்டா என்ற கறுப்பினப் போலீஸ்காரரின் வீடு அது. நமக்கு அவர் அறிமுகமாவதே குளியல் தொட்டியில்தான். அன்றைக்கு அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். மனுஷன் நிம்மதியாகத் தண்ணீரில் கிடக்க, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் கேக்கைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். மூத்த மகள் அப்பாவின் தாடியில் நரை தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். அடுத்து தாடியைக் காணோம்! நடித்த டேனி குளோவருக்கு அப்போது நாற்பதுதான் ஆகியிருந்தது. வயசைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிற அந்த நடையை எங்கே பிடித்தாரோ தெரியாது. ‘இந்த எழவுக்கெல்லாம் எனக்கு வயசாயிருச்சு’ என்பது அவர் பல்லவி. உங்கள் கணவர் ஹாஸ்டலில் இந்தப் படத்தைப் பார்த்த காலத்தில் கட்டாயம் மெல் கிப்சன் நடித்த இன்னொரு போலீஸ்காரன் ரிக்ஸாகத்தான் தன்னை நினைத்திருப்பார். இப்போது குளியல் தொட்டிக்காரரின் வயசுக்கு வந்துவிட்டார். படம் மாறவில்லை, அதில் அவர் உட்காரும் இடம் மாறிவிட்டது. அடுத்த மாதம் பிறந்தநாள் என்கிறீர்களே, இந்த வருஷம் அவர் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ரிக்ஸ் நேர்மாறு. கடற்கரையில் ஒரு டிரெய்லர் வண்டி, துணைக்கு ஒரு நாய். மனைவியை இழந்தவன். நீங்கள் எட்டிப் பார்த்த காட்சியில் கல்யாணப் போட்டோவைப் பிடித்துக்கொண்டு அவன் அழுவது அவளுக்காகத்தான். அந்தக் காலத்து ஹாலிவுட் சண்டைப் படங்களை நினைத்துப் பாருங்கள். 1985ல் ஷ்வார்ஸ்னேகரின் ‘கமாண்டோ’, அதே வருஷம் ஸ்டாலோனின் இரண்டாவது ‘ராம்போ’. மார்பில் தோட்டாப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்ற பாறைகளின் காலம் அது. அங்கே ஒரு கதாநாயகன் படத்தின் தொடக்கத்திலேயே உயிரை விட மனசு வராமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகிறான். எழுதிய ஷேன் பிளாக் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். அந்த வயதில் துக்கத்தை இவ்வளவு நேராக எழுதியது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இலாகாவில் சிலர் ரிக்ஸ் பென்ஷனுக்காகப் பைத்தியம் மாதிரி நடிக்கிறான் என்று சந்தேகப்படுகிறார்கள். (அரசு அலுவலகம் எந்த நாட்டிலும் அரசு அலுவலகம்தான்.) மர்ட்டாவுக்கும் அதே சந்தேகம். ஒருநாள் மாடி விளிம்பில் நின்று குதிக்கப்போவதாக மிரட்டும் ஒருவரைக் காப்பாற்ற ரிக்ஸ் மேலே போகிறான். சாமர்த்தியமாகப் பேசி, தன் கையையும் அவர் கையையும் ஒரே விலங்கில் மாட்டிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு குதித்துவிடுகிறான். கீழே காற்று மெத்தை இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். உடனே மர்ட்டா அவனை ஒரு கடைக்குள் தள்ளிக்கொண்டு போய், நிஜமாகவே சாகத்தான் ஆசையா என்று கேட்டுத் தன் துப்பாக்கியையே நீட்டுகிறார். அவன் வாங்கி வாயருகே கொண்டுபோய் விசையை அழுத்தவும் செய்கிறான். கடைசி நொடியில் மர்ட்டா தடுத்த பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். இவன் நடிக்கவில்லை என்று அங்கேதான் அவருக்கு உறைக்கிறது. சிரிப்பை அப்படியே தொண்டையில் நிறுத்திவிடும் இந்தத் திருப்பத்தை நகலெடுத்தவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். அவர்கள் குதித்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மர்ட்டா செய்வது உபதேசம் இல்லை. சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். சண்டைப் படத்தின் நடுவில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டிருப்பதை இயக்குநர் ரிச்சர்ட் டானர் அவசரமே இல்லாமல் காட்டுகிறார். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் வாசலில் நிற்கும் மர்ட்டாவின் படகில் ஏறி உட்கார்ந்து பேசுகிறார்கள். தண்ணீரில் இல்லை, வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேல் நிற்கிற படகு. பத்தொன்பது வயதில் லாவோஸில் பலத்த காற்றில் ஆயிரம் கஜத் தூரத்திலிருந்து ஒருவனைச் சுட்ட கதையை ரிக்ஸ் சொல்கிறான். தனக்கு உருப்படியாக வந்தது அது ஒன்றுதான் என்கிறான். பிறகு கிளம்பும்போது, என் மனைவியின் சமையல் உனக்கு நிஜமாகவே பிடித்ததா என்று மர்ட்டா கேட்க, இல்லை என்கிறான். இருவரும் சிநேகிதர்களானது அந்தப் பதிலில்தான் என்பது என் கணக்கு. துப்பாக்கிச் சூடெல்லாம் பிறகு வருகிற உபரி.

இந்த வீடு ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீடாக அமைந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. திரைக்கதையில் மர்ட்டாவின் நிறம் எழுதப்பட்டிருக்கவில்லை. நடிகர் தேர்வைக் கவனித்த மேரியன் டோஹெர்ட்டி டேனி குளோவரின் பெயரைச் சொன்னபோது முதலில் தயங்கியதையும், அந்தத் தயக்கத்துக்காகத் தன்னையே நொந்துகொண்டதையும் டானரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளைவைப் பாருங்கள். சொந்த வீடு, படகு, மனைவி மக்கள், அலுவலகத்தில் மரியாதை எல்லாம் கறுப்பருக்கு. ஒன்றுமில்லாமல் நிற்பவன் வெள்ளைக்காரன். 1987ல் ஹாலிவுட்டில் அது பெரிய விஷயம், படமோ அதைப் பற்றி ஒரு வசனம்கூடப் பேசிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், சாட்சி சொல்ல வந்த ஒரு பொடியன், போலீஸ்காரர்கள் கறுப்பர்களைச் சுடுவார்கள் என்று எங்கம்மா சொல்கிறாள், நிஜமா என்று மர்ட்டாவையே கேட்டுவிடுகிறான். மர்ட்டா ஐஸ்கிரீம் வேண்டுமா என்று பேச்சை மாற்றுகிறார். கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துபோகும் காட்சி, தவறவிடாதீர்கள்.

ஹெட்போன் விஷயத்திலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மைக்கேல் கேமனின் பின்னணி இசையில் ரிக்ஸுக்கு எரிக் கிளாப்டனின் கிடார், மர்ட்டாவுக்கு டேவிட் சான்பார்னின் சாக்ஸபோன். இரண்டு வாத்தியமும் எங்கே தனியாகப் போகின்றன, எங்கே பேசிக்கொள்கின்றன என்பது நம் டிவி ஸ்பீக்கரில் அவ்வளவாகப் பிடிபடாது.

குறையும் உண்டு. கடைசியில் மர்ட்டா வீட்டுப் புல்வெளியில் ரிக்ஸும் வில்லனும் கட்டிப் புரள, அத்தனை போலீஸ்காரர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது சுத்த அபத்தம். ஆனால் உங்கள் மகனைத் திரும்ப உட்காரவைக்க அந்தச் சண்டையே உதவும். இப்போதைய பையன்களில் பலர் யுஎஃப்சி என்கிற கூண்டுச் சண்டைப் போட்டியைப் பார்க்கிறார்கள். அந்தப் போட்டியை 1993ல் தொடங்கியவர்களில் ஒருவரான ரோரியன் கிரேசிதான் இந்தப் படத்துக்கு ஜியு-ஜிட்சு என்ற பிடிச் சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். ரிக்ஸ் எதிரியின் கழுத்தைக் கால்களால் பூட்டி முடிக்கிற பிடி பெருவாரியான ரசிகர்கள் அதுவரை திரையில் கண்டிராதது. இதை அப்பா சொல்ல வேண்டாம், நீங்கள் போகிற போக்கில் சொல்லுங்கள். அவனே கூகுளில் தேடிக்கொண்டு வருவான்.

பிறந்தநாளன்று மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம். தொடக்கக் காட்சியில் அரைகுறை ஆடையில் ஒரு பெண் மாடியிலிருந்து விழுந்து சாகிறாள், பின்பாதியில் மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்கிறார்கள், கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். சப்டைட்டில் அவசியம், வேடிக்கையில் பாதி வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. உங்களுக்கு நேரமில்லை என்றால் சாப்பாட்டு மேஜைக் காட்சிக்கு மட்டும் வந்து உட்காருங்கள், அவரே முன்கதையைச் சொல்லிவிடுவார். நீங்கள் பயந்துபோன அந்தத் துப்பாக்கிக்கு ரிக்ஸ் தனியாக எடுத்து வைத்திருக்கும் தோட்டா கடைசியில் யார் கைக்கு, என்ன கட்டிப் போய்ச் சேருகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று நடக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப்போனால் 1989ல் வந்த இரண்டாம் பாகத்தையும் பாருங்கள். மர்ட்டா கழிப்பறையில் உட்கார்ந்த இடத்தில் வெடிகுண்டு இருப்பது தெரிந்து எழுந்திருக்க முடியாமல் தவிக்கும் காட்சி அதில்தான். மூன்றாவது அவர் வற்புறுத்தினால் மட்டும். நான்காவதில் ஜெட் லீ வில்லன், அதை மகன் பார்த்துக்கொள்வான். 2016ல் இதே பெயரில் வந்த டிவி தொடரைப் பற்றி மட்டும் உங்கள் கணவரிடம் வாயே திறக்காதீர்கள்.