கறுப்புக் கோட்டில் ஒரு சாவு வீடு: ஏதென்ஸில் அரை நாள் இருந்தால் எதைப் பார்ப்பது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதம் மகளோடு ஏதென்ஸ் போகிறேன். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடிகிறது. படங்களில் பார்த்தவரை ஆரம்ப காலப் பானைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. சிலைகளும் எல்லாம் ஒரே விறைப்பு. பார்த்தீனானுக்கு முந்தைய காலத்தை விட்டுவிட்டு நேராக நல்ல சிலைகளுக்குப் போய்விடலாம் என்கிறாள் மகள். விடலாமா? கூடாதென்றால், லேபிளைப் படிக்காமலே எது எந்தக் காலம் என்று பிடிபட ஒரு வழி சொல்லுங்கள்."

விடாதீர்கள். அரை நாள்தான் என்றால் இதை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடுங்கள் என்றுகூடச் சொல்வேன். கி.மு. 480க்குப் பிறகு வந்த சிலைகளின் அழகு யாரும் சொல்லித்தராமலே கண்ணுக்குப் பட்டுவிடும். அதற்கு முந்தையவற்றுக்குத்தான் கொஞ்சம் துணை வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அவை உங்களை விடாது.

வழி கேட்டீர்கள். எந்தப் பொருளின் முன்னால் நின்றாலும் முதலில் மனித உருவத்தைத் தேடுங்கள். இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, சுற்றிலும் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டையும் கவனித்தாலே பெரும்பாலும் நூற்றாண்டு பிடிபட்டுவிடும்.

உள்ளே போனதும் நேர் எதிரே மைசீனியின் தங்கம், அதாவது வெண்கலக் காலத்துக் கிரேக்க அரண்மனை நகர் ஒன்றின் புதையல். கூட்டம் அங்கேதான் நிற்கும். 'அகமெம்னானின் முகமூடி' என்று பேர்பெற்ற தங்கத் தகடு, ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1876இல் தோண்டியெடுத்தது. டிராய்ப் போரில் கிரேக்கப் படையை நடத்தியதாகக் கதைகள் சொல்லும் அரசன் அகமெம்னான்; ஆனால் இது அவன் முகமல்ல. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேல் மூத்த முகம் அது. பக்கத்து அறையில் சைக்ளடீஸ் தீவுகளின் வெள்ளைப் பளிங்கு உருவங்கள் இருக்கும். கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. கைகளை வயிற்றுமேல் மடக்கி, முகத்தில் மூக்கைத் தவிர ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். இந்த வெறுமையைப் பார்த்து 'எவ்வளவு நவீனம்' என்று வியக்கிறவர்கள் நிறைய. ஆனால் கண்ணும் முடியும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன, சிலவற்றில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் போதும்.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், கிட்டத்தட்ட கி.மு. 1200இல் மைசீனிய அரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அரண்மனைக் கணக்கர்கள் எழுதிவந்த லீனியர் பி எழுத்தும் அவற்றோடு மறந்துபோயிற்று. அதில் இருப்பது கிரேக்க மொழிதான் என்பது 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. சுமார் நானூறு ஆண்டுகள் அந்த மக்கள் எழுத்தில்லாமல் வாழ்ந்தார்கள். அந்த நானூறு ஆண்டுகளுக்கு நமக்குப் பெரிய சாட்சி பானைகள்தான். அவற்றை 'வெறும் பானை' என்று தாண்டிப் போக எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

எழுத்துத் தொலைந்த காலத்தின் நடுவில், கி.மு. 1050 முதல் 900 வரை, பானையில் வட்டங்களைக் காண்பீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்கான வட்டங்கள், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். பல தூரிகைகளைச் சேர்த்துக் கட்டிய கவராயத்தால் ஒரே சுழற்றில் போட்டவை. நடுவில் முள் குத்திய சிறு குழியைக்கூடச் சில பானைகளில் பார்க்கலாம். சுற்றிலும் வெற்றிடம் நிறைய இருக்கும். மனிதர் அநேகமாக இருக்கமாட்டார்கள்.

அடுத்த இருநூறு ஆண்டில் அந்த வெற்றிடம் காணாமல் போகிறது. இதை ஜியோமெட்ரிக் காலம் என்பார்கள். சேலைக் கரைபோலச் சதுரச் சதுரமாக மடிந்து மடிந்து ஓடும் மீயாண்டர் கோடு, முக்கோணம், கட்டம் என்று கழுத்திலிருந்து அடிவரை ஒரு விரல் இடம் விடாமல் நிரப்பியிருப்பார்கள். ஆசியா மைனரில் வளைந்து வளைந்து ஓடும் மீயாண்டர் ஆறுதான் அந்தக் கோட்டுக்குப் பெயர் கொடுத்தது.

இங்கேதான் உங்களை நெடுநேரம் நிறுத்த விரும்புகிறேன். டிக்கெட் வாங்கியதுமே வரைபடத்தில் 'டிபிலான் ஆம்போரா' எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்போரா என்றால் இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி; டிபிலான் என்பது பழைய ஏதென்ஸின் ஒரு நகரவாயில். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய மகளின் உயரமே இருக்கும். கி.மு. 760-750 வாக்கில், நகரின் வடமேற்கே குயவர் பேட்டையை ஒட்டிய இடுகாட்டில், ஒரு பெண்ணின் கல்லறைமேல் அடையாளமாக நின்ற பானை இது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கோலம். பக்கத்தில் போய்க் கைப்பிடிகளுக்கு நடுவே பாருங்கள். ஒரு சாவு வீடு.

நடுவில் உயரமான கட்டிலில் இறந்தவள் கிடத்தப்பட்டிருக்கிறாள். மேலே கட்டம் போட்ட போர்வையைத் தூக்கிப் பிடித்ததுபோல் வரைந்திருக்கிறார்கள், அதற்கடியில் உடல் தெரியவேண்டும் என்பதற்காக. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். மார்பு ஒரு தலைகீழ் முக்கோணம், தலை ஒரு பொட்டு, கால்கள் பக்கவாட்டில். கைகளைக் கவனியுங்கள். இரண்டு கையும் தலைமேல் போயிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் சின்னதாக ஓர் உருவம் நிற்கிறது, ஒரு குழந்தை. அதன் கை கட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

முகமில்லை, கண்ணீரில்லை, யார் என்ன பேர் என்று ஒரு எழுத்துமில்லை. இருந்தாலும் அந்தக் கை கட்டிலைத் தொடும் இடத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. வரையத் தெரியாமல் இப்படி வரைந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே பானையின் கழுத்தில் மேயும் மான்வரிசை இருக்கிறது, தலையைப் பின்னால் திருப்பிப் படுத்திருக்கும் ஆட்டுவரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் முன்னதன் நகல்போல, கை நடுங்காமல் போட்டது. தனி ஆள் துயரத்தைவிட ஒரு ஊரே சேர்ந்து செய்யும் சடங்கு இதை வரைந்தவனுக்கு முக்கியமாகப் பட்டது, அதனால்தான் எல்லாரும் ஒரே அச்சு. இந்த ஓவியனின் பெயர் யாருக்கும் தெரியாது. டிபிலான் ஓவியன் என்று பானை கிடைத்த இடத்தை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே அருங்காட்சியகத்தில், இதே டிபிலான் பகுதியில் கிடைத்த சின்ன மதுக்குடுவை ஒன்று இருக்கிறது. சுமார் கி.மு. 740. அதன் தோளில் கீறி எழுதியிருப்பதன் பொருள் இது: இப்போது ஆடுகிறவர்களில் யார் மிக இலகுவாக ஆடுகிறாரோ அவருக்கு இது. இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியரிடமிருந்து எழுத்தை வாங்கித் தங்கள் மொழிக்குத் திருத்திக்கொண்ட கிரேக்கர், நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையதாக எழுதியவற்றில் ஒன்று, ஆட்டத்துக்கு ஒரு பரிசு. வரியோ கவிதையின் சந்தத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கறுப்பு எப்படி வந்தது என்று மகள் கேட்பாள், அதற்கும் தயாராகப் போங்கள். அது சாயம் இல்லை. பானை செய்த அதே களிமண்ணை நீரில் கரைத்து, மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்துக் குழம்பாக்கிப் பூசினார்கள். சூளையில் முதலில் காற்று விட்டு எரிப்பார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகைப் போடுவார்கள், எல்லாம் கறுக்கும். கடைசியில் மறுபடி காற்றை விட்டால் பானையின் உடல் சிவப்புக்குத் திரும்பிவிடும். குழம்பு பூசிய இடம் மட்டும் சூட்டில் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் காற்று புகாது, கறுப்பாகவே நிற்கும். ஒரே சூளை, ஒரே நெருப்பு. சில பானைகளில் கறுப்புக்கு நடுவே செம்பழுப்புத் திட்டுகள் தெரியும். காற்று சரியாகப் போய்வராத இடம் அது. அப்படி ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள், குயவன் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

கி.மு. 700 வாக்கில் கோடுகள் வளையத் தொடங்குகின்றன. கட்டத்துக்குப் பதிலாகத் தாமரை, ரோஜாப்பூ வட்டம், சிங்கம், சிறகு முளைத்த ஸ்பிங்ஸ். எகிப்து, சிரியா, பினீசியா என்று கிழக்கோடு வணிகம் பெருகியதன் அடையாளம் இது. கொரிந்து நகரக் குயவர்கள் வாசனை எண்ணெய்க்குக் கையடக்கக் குப்பிகள் செய்து கடல் கடந்து விற்றார்கள். கறுப்பு உருவத்தின்மேல் கூர்முனையால் கீறிக் கண், தசை, பிடரிமயிர் காட்டும் முறையும் அவர்கள் பட்டறையில்தான் பிறந்தது. பின்னால் ஏதென்ஸ்காரர்கள் அதைக் கையிலெடுத்து அவர்களையே மிஞ்சினார்கள். கி.மு. 530 வாக்கில் அது தலைகீழானது. பின்புலத்தைக் கறுப்பாக்கி, உருவத்தைச் செம்மண் நிறத்திலேயே விட்டு, உள்கோடுகளைத் தூரிகையால் வரைந்தார்கள். ஆக, கறுப்பு ஆள், கீறிய கோடு என்றால் முந்தையது. சிவப்பு ஆள், தூரிகைக் கோடு என்றால் பிந்தையது. இது ஒன்றை மகளிடம் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவளே உங்களுக்குக் காலம் சொல்வாள்.

இந்தக் கிழக்குத் தொடர்பில் முன்னால் நின்றவர்களில் அயோனியர், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கர், முக்கியமானவர்கள். பாரசீகர்கள் அவர்களை 'யௌன' என்றார்கள். அதுவே வடமொழியிலும் பிராகிருதத்திலும் புகுந்து, நம் சங்கப் பாடல்களில் 'யவனர்' ஆகி நிற்கிறது.

சரி, சிலைகள். விறைப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஒரே சிலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மூன்றை அடுத்தடுத்துப் பாருங்கள். கூரோஸ் என்றால் நிற்கும் இளைஞனின் சிலை. முதலில் சூனியன் கூரோஸ், கி.மு. 600 வாக்கில் செய்தது, மூன்று மீட்டருக்கும் சற்று அதிக உயரம். இடது கால் முன்னால், கைகள் தொடையோடு ஒட்டி, நேர்ப்பார்வை. நிற்கும் விதம் எகிப்தில் கற்றது. ஆனால் எகிப்தியச் சிலைக்கு முதுகில் கல்தூண் இருக்கும், இடுப்பில் துணி இருக்கும். இவனுக்கு இரண்டுமில்லை, தன் காலிலேயே நிற்கிறான். காதைப் பாருங்கள், சுருள் அலங்காரம். முடி முத்துக் கோத்ததுபோல், வயிற்றுத் தசை வெறும் கோடாக இருக்கும். பானையில் பார்த்த கோலம் கல்லில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து அனாவிசோஸ் கூரோஸ், சுமார் கி.மு. 530. அதே நிலை, அதே இடது கால். ஆனால் தொடை திரண்டிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, உள்ளே மூச்சு இருப்பதுபோல் தெரியும். திருட்டுத்தனமாகத் தோண்டி, துண்டு துண்டாக்கிப் பாரிஸுக்குக் கடத்தப்பட்டு, 1937இல் வீடு திரும்பியவன் இவன். வெட்டி ஒட்டிய தழும்புகள் உடலில் தெரியும். இவனோடு சேர்த்துச் சொல்லப்படும் பீடத்தில் பேர் இருக்கிறது: நின்று துக்கப்படு, முன்வரிசையில் போரிட்டு மாண்ட குரோய்சோஸின் கல்லறை இது. போரில் செத்த பையன். முகத்திலோ புன்னகை. இந்தக் காலத்துச் சிலைகள் பலவற்றிலும் அது உண்டு. அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்று காட்ட அவர்களிடமிருந்த வழி அது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவது அரிஸ்டோடிகோஸ், கி.மு. 500ஐ ஒட்டியவன். முடி குட்டையாகிவிட்டது, கைகள் தொடையிலிருந்து விலகி வந்துவிட்டன. இன்னொரு அடி வைத்தால் இடுப்பே சாய்ந்துவிடும். அந்த அடியைப் பார்க்கவேண்டுமானால் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கிரிட்டியோஸ் பையனிடம் போகவேண்டும். அவன் எடையை ஒரு காலில் போட்டு, இன்னொன்றைத் தளர்த்தி நிற்கிறான். நூறு வருடமாக ஒரே நிலையைத் திரும்பத் திரும்பச் செதுக்கியதால்தான் இது வந்தது. விறைப்பு என்று நாம் நினைப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பயிற்சி.

நேரத்தைப் பிரிப்பதென்றால், மைசீனியும் தீவு உருவங்களும் முக்கால் மணி, பானைகள் ஒரு மணிக்குக் குறையாமல், மிச்சம் சிலைகளுக்கு. பானைத் தொகுப்பு மேல்தளத்திலும் சிலைகள் தரைத்தளத்திலும் இருக்கின்றன. மேலே முடித்துவிட்டுக் கீழே இறங்குவதுதான் நல்லது. மேல்தளத்திலேயே சந்தோரினித் தீவின் சுவரோவியங்களும் இருக்கும், குத்துச்சண்டை போடும் இரண்டு சிறுவர்களை மட்டும் எட்டிப் பாருங்கள். கோடையிலும் குளிரிலும் திறக்கும் நேரம் மாறும், கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நிற்கவேண்டிய இடம் பிராசிக்லேயா. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில், பாரோஸ் தீவின் அரிஸ்டியோன் செதுக்கிய பெண். இவளுடைய பீடம் மட்டும் நெடுங்காலமாக ஒரு தேவாலயச் சுவரில் கல்லோடு கல்லாக இருந்தது. 1972இல் பக்கத்து நிலத்தில் ஒரு குழியைத் தோண்டியபோது இவளே கிடைத்தாள். அடிக்கல்லைச் சுற்றியிருந்த ஈயம் பீடத்தோடு அப்படியே பொருந்தியது. மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததால் ஆடையில் சிவப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. கையில் விரியாத தாமரை மொட்டு. பீடத்தில் அவளே பேசுகிறாள்: என்றும் என்னைக் கன்னி என்றே அழைப்பார்கள், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குக் கொடுத்த பெயர் இது.

அவள் ஆடையின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடும். மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். சதுரச் சதுரமாக மடிந்து போகும் அந்தக் கோட்டை அவள் ஏற்கெனவே பானையில் பார்த்திருப்பாள்.