சிக்கன் சாஸேஜ் சாப்பிட்டு ஆஸ்பத்திரி செலவு, யார் மேல கேஸ் போடறது?

கேள்வி: பெரம்பூர்ல இருக்கோம். பக்கத்து சூப்பர் மார்க்கெட்ல வாங்கின சிக்கன் சாஸேஜ் சாப்பிட்டு மறுநாளே மனைவிக்கும் பையனுக்கும் வாந்தி, பேதி, காய்ச்சல்னு அட்மிட் பண்ண வேண்டியதாப் போச்சு. மோஷன் டெஸ்ட்ல சால்மொனெல்லாங்கற கிருமி இருக்குன்னு வந்துச்சு. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கறார், கம்பெனி வேற பாக்கெட் தர்றோம்னு சொல்லுது. மிச்சம் பாதி ஃப்ரீசர்ல இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: அந்தப் பாதியை தூக்கிப் போட்டுடாதீங்க சார், பேட்ச் நம்பர் தெரியற மாதிரி கவரை ஃபோட்டோ எடுத்துட்டு ஃப்ரீசர்லயே வேற எதுலயும் படாம மூடி வைங்க, குளிர்ல அந்தக் கிருமி பெருகாது, ஆனா பூரா செத்தும் போகாது. அதுக்காக அதை மட்டும் நம்பியும் இறங்காதீங்க. பிரிச்ச பாக்கெட்னதும் உங்க வீட்டு கத்தியில இருந்து ஏறியிருக்கும், நீங்க சரியா வேக வைக்கலன்னு கம்பெனி வக்கீல் ஆரம்பிச்சுடுவார் (அந்தப் பக்கம் ஆஜரானா நானும் அதைத்தான் கேப்பேன்).

அதனால அதே பேட்ச்ல சீல் பிரிக்காத பாக்கெட் சிக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கு இன்னைக்கே புகார் எழுதுங்க, பில், லேப் ரிப்போர்ட், கவர்ல இருக்கற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் எல்லாத்தோடயும், லேட் பண்ணா அந்த ஸ்டாக்கே கடையில இருக்காது. நீங்களே புதுசா ஒரு பாக்கெட் வாங்கி டெஸ்டுக்குக் குடுக்கவும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40வது பிரிவுல வழி இருக்கு, ஆனா வாங்கும்போதே ஆய்வுக்கு அனுப்பத்தான் வாங்கறேன்னு கடைக்காரர்கிட்ட சொல்லியாகணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

கவர்ல என்ன போட்டிருக்குன்னு நீங்க எழுதல. அப்படியே சாப்பிடலாம்னு இருந்தா உங்க கை ஓங்கிடும், வெந்த இறைச்சியில 25 கிராமுக்கு சால்மொனெல்லா துளிகூட இருக்கக்கூடாது. நல்லா வேக வெச்சு சாப்பிடவும்னு இருந்தா கொஞ்சம் போராடணும், எப்படி சமைச்சீங்கன்னு மனைவிகிட்ட கேட்டு இப்பவே எழுதி வைங்க.

கடையா கம்பெனியான்னு நீங்க ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க, ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க. கடையில ராத்திரி ஃப்ரீசரை ஆஃப் பண்ணி வெச்சிருந்தா சரக்கைக் கவனமா பராமரிக்கலன்னு 2019 நுகர்வோர் சட்டம் 86வது பிரிவுல கடைக்காரரே மாட்டுவார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நீங்க குடியிருக்கற இடத்தை வெச்சே மனு போடலாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு. நீங்க எவ்ளோ நஷ்டஈடு கேக்கறீங்கங்கறதை வெச்சு இல்ல, பொருளுக்கு குடுத்த விலையை வெச்சுதான் மனு ஃபீஸ், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. வக்கீல் இல்லாமயும் நடத்தலாம், நானே சொல்றேன்.

துறை எடுக்கற நடவடிக்கை தனி ரூட். சாம்பிள் பாதுகாப்பற்றதுன்னு வந்து, அதனாலதான் உடம்புக்கு முடியாமப் போச்சுன்னும் நிரூபிச்சா ஒரு வருஷம் வரை ஜெயில், 3 லட்சம் வரை அபராதம்.

அந்த இலவச பாக்கெட்டை வாங்காதீங்க, முக்கியமா 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில வெறும் வயித்துப்போக்குன்னு மட்டும் இருந்தா டாக்டரைப் பார்த்து அந்த மோஷன் டெஸ்ட் (கல்ச்சர்) ரிசல்ட்டையும் சேர்த்து எழுதி வாங்குங்க.