மென்மையான பிரஷ் பல்லைச் சுத்தமாக்குமா?

பல் துலக்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பல் மருத்துவர் அளிக்கும் பதில்கள்.

கேள்வி: எனக்கு வயது 62. இளமை முதலே ‘ஹார்டு’ என்று அச்சிட்ட பிரஷையே வாங்கி, நுரை தளும்ப அழுத்தித் தேய்த்துப் பழகிவிட்டேன். இடப்பக்க மேல் கோரைப்பல்லில், ஈறை ஒட்டி, நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று கூசுகிறது. பிரஷ்தான் காரணம் என்று கூறிய மருத்துவர், ‘சாஃப்ட்’ பிரஷுக்கு மாறச் சொல்கிறார். அவ்வளவு மிருதுவான பிரஷால் பல் எப்படிச் சுத்தமாகும்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மருத்துவர் கூறியது சரியே. நாள்தோறும் நாம் அகற்ற வேண்டியது பற்படலம் எனப்படும் பிசுபிசுப்பான கிருமிப் படிவத்தை. நகத்தால் சுரண்டினாலே வெள்ளையாக வழிந்து வரும் அளவுக்கு அது மிருதுவானது. பிரஷ் அந்த இடத்தைச் சென்று தொட்டால் போதும், வலிமை காட்ட வேண்டியதில்லை. தொடாமல் விட்ட படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியம் முதலிய உப்புகள் படிந்து காரையாக இறுகிவிட்டால், எவ்வளவு கடினமான பிரஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். ஆகவே கடினமான பிரஷ் படலத்துக்குத் தேவையில்லை, காரைக்கு உதவுவதுமில்லை.

பள்ளம் விழுந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேற்பகுதியை மூடியுள்ள எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஈறு இறங்கியபின் வெளிப்படும் வேர்ப்பகுதிக்கு அந்தக் கவசம் கிடையாது. பற்பசையிலுள்ள நுண்துகள்களோடு சேர்த்துக் குறுக்குவாட்டில் ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்க்கும்போது அது அரைபட்டுக் குழிகிறது, கூச்சமும் அங்கிருந்தே எழுகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடப்பக்கத்தில் இது அதிகம் காணப்படுவதற்குக் காரணம், கை அங்கேதான் முழு வீச்சில் பாய்கிறது என்பதே. (உமிக்கரியையும் செங்கல்பொடியையும் நான் பரிந்துரைக்காததற்கும் இந்த அரைப்புத்தான் காரணம்.) விழுந்த பள்ளம் தானாக நிரம்பாது, பல்நிறப் பொருளால் அடைத்துக்கொள்ளலாம்.

இனி வாங்கும்போது, கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறம்வரை எட்டக்கூடிய சிறிய தலையும், முனை மழுக்கப்பட்ட மென்மையான இழைகளும் உள்ள பிரஷாகப் பாருங்கள். அதை முஷ்டியில் பிடிக்காமல் பேனாவைப் போல விரல்களில் பிடித்து, இழைகள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 பாகை சாய்த்து வைத்து, இடம்பெயராமல் மெல்ல அதிரச் செய்து, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி வழித்துவிட வேண்டும். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அருகிலேயே திறப்பதால் காரை அங்கேதான் விரைவில் சேருகிறது, பெரும்பாலோர் தவறவிடுவதும் அந்த இடத்தைத்தான். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் போதுமானது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐவரின் பிரஷ்களும் குளியலறையில் ஒரே டம்ளரில் நிற்கின்றன. கணவர் தம்முடையதற்கு மட்டும் மூடி போட்டு வைக்கிறார். வாரம் ஒருமுறை வெந்நீரில் கொதிக்க வைக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கொதிக்க வைக்க வேண்டாம், இழைகள் வளைந்து பிரஷ் வீணாகிவிடும். குழாய் நீரில் நன்கு அலசி, உதறி, தலை மேலே இருக்கும்படி காற்றுப்படும் இடத்தில் நிறுத்தினாலே போதும். ஈரமான பிரஷுக்கு மூடி போட்டால் உள்ளே ஈரம் காயாமல் கிருமிகள் பெருகவே வழி பிறக்கும். ஆகவே மூடியைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே டம்ளரில் இழைகள் ஒன்றோடொன்று உரசுவது நல்லதல்ல என்பதால், தனித்தனித் துளைகள் உள்ள தாங்கி வாங்கிவிடுங்கள். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக இருந்தால், பிரஷ்களை வெளியே கைகழுவும் தொட்டியருகே மாற்றுவது மேல். அவசரத்துக்கு ஒருவர் பிரஷை மற்றவர் எடுப்பது அறவே கூடாது. ஈறில் கசியும் இரத்தத்தின் வழியே ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்றுகள் பரவக்கூடும்.

மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள். இழைகள் அதற்கு முன்பே விரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். ஒரே மாதத்தில் விரிந்துவிடுகிறதென்றால் கடைக்காரரைக் குறை சொல்லாமல், அழுத்தும் கையைக் கவனியுங்கள். பழையது மிக்ஸி ஜாரின் அடிப்புறம் கழுவ உதவும்.

கேள்வி: விலை அதிகமான மின்சார பிரஷால் கூடுதல் நன்மை உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவு உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் சாதாரண பிரஷைவிடப் பற்படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. மூட்டுவலியால் விரல் மடங்காதவர்களுக்கு நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கை நன்றாக இயங்குபவர்கள் முறையாகத் துலக்கினால் சாதாரண பிரஷே போதும். எந்த பிரஷும் பல்லிடுக்கினுள் முழுமையாக நுழையாது. இடுக்குகளுக்குப் பல்நூலோ இடுக்கு பிரஷோ தனியே வேண்டும்.

கேள்வி: நான்கு வயதுப் பேத்தி பேஸ்ட்டை விழுங்கிவிடுகிறாள். பேஸ்ட் இல்லாமலே துலக்கிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: பேஸ்ட்டிலுள்ள ஃபுளோரைடு என்னும் தாது உப்பு சொத்தையைத் தடுப்பதால் பேஸ்ட்டை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்காமல், அவள் வயதுக்குப் பட்டாணி அளவு வைத்தால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவே அதிகபட்சம். பேஸ்ட் டியூப் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவள் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு நீங்களே துலக்கிவிட்டு, நுரையைத் துப்பச் சொல்லிப் பழக்குங்கள். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிடுவது அவசியம்.