டாக்டரைக் கேளுங்கள்: குடிக்காதவருக்கும் கணைய வலி, கூடவே மனச்சோர்வு

கேள்வி: என் கணவருக்கு வயது 36. காலேஜ் படிக்கும்போதே வயிற்று வலி வந்து, கணையத்தில் கல் என்று சொல்லிவிட்டார்கள். மதுவைத் தொட்டதே இல்லை, ஆனால் ஊரில் சொந்தக்காரர்கள் ‘பெங்களூர் போனான், குடிச்சுக் கெட்டான்’ என்றுதான் பேசுகிறார்கள். ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். பேச்சு இல்லை, தூக்கம் இல்லை, கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை. ஸ்கேனில் ‘எல்லாம் பழைய மாதிரியேதான் இருக்கு’ என்கிறார் டாக்டர், ஆனால் இவருக்கு வலி கூடிக்கொண்டே போகிறது. ‘மனசைத் திடமா வச்சுக்கடா’ என்கிறார் என் மாமியார். இவர் வலியைப் பெரிதுபடுத்துகிறாரா, இல்லை மனநோயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: குடிப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மதுவைத் தொடாதவர்களுக்கே, அதுவும் இளம் வயதிலேயே, கணையம் அழற்சியாகி, குழாயில் கல் சேர்ந்து, பிறகு சர்க்கரையும் வருவது தென்னிந்தியாவில், முக்கியமாகக் கேரளத்தில், பல பத்தாண்டுகளாக டாக்டர்கள் பார்த்துவரும் நோய். சிலருக்கு மரபணுவிலேயே கோளாறு இருக்கிறது. ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல்கூடப் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. இதை அந்தச் சொந்தக்காரர்களிடம் உங்கள் கணவர் சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். செய்யாத தப்புக்கு வருடக்கணக்காகத் தலைகுனிந்து நிற்கும் ஒருவர், தானே தன் வாயால் ‘நான் குடிக்கலை’ என்று நிரூபிக்க வேண்டியிருப்பது பெரிய கொடுமை. பாதி மனச்சோர்வு அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

அவர் வலியைப் பெரிதுபடுத்தவில்லை. ஸ்கேனில் தெரியும் கல்லுக்கும் தழும்புக்கும், நோயாளி அனுபவிக்கும் வலிக்கும் நேர்க் கணக்கு கிடையாது. கணையம் முழுக்கக் கல்லாக இருந்தும் வலியே இல்லாதவர் உண்டு, ஸ்கேனில் பெரிதாக எதுவும் இல்லாமல் துடிப்பவரும் உண்டு. வருடக்கணக்கில் வலி இருந்தால் கணையத்தைச் சுற்றியுள்ள நரம்பு தடித்து, தண்டுவடமும் மூளையும் வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடும். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது நரம்பு எம்மாத்திரம்? வலியைக் கட்டுப்படுத்துகிற மூளை வேதிப்பொருள்களில் சில மனநிலையையும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று குலைந்தால் மற்றதும் குலையும். டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைகளை மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். ‘எனக்குப் பைத்தியமா?’ என்று அவர் கோபப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

அவர் கல்யாணத்துக்கு வராததன் காரணத்தை ஒரு நாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்தால் ‘என்ன ரெண்டு வாய்தான் சாப்பிடறே’ என்பார்கள், சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் முதுகுவரை குத்தும், இல்லையென்றால் எண்ணெய் மிதக்கிற மலம் அவசரமாக வரும். மண்டபத்தில் பாத்ரூம் வாசலில் வரிசை. சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு வயிறு கலக்கினால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பாமல் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது ‘மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்’.

இதில் ஒரு பகுதியைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் முக்கியம். கணையம் சரியாகச் சுரக்காத செரிமான நீருக்குப் பதிலாகக் கொடுக்கும் கணைய என்சைம் கேப்ஸ்யூலை எப்போது போடுகிறார் என்று பாருங்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு போட்டால் பெரிய பயன் இல்லை. முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சாப்பாட்டோடு கலக்க வேண்டும், டிபனுக்கும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கவைக்கும் என்சைம்) வழக்கமான தொடக்க அளவு. பலர் 10,000 ஒன்றைப் போட்டுவிட்டு ‘மருந்து வேலை செய்யலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வைட்டமின் டி, பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். கணையத்தால் வந்த சர்க்கரையில் இன்சுலின் போடுகிறவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கும். அப்போது வரும் எரிச்சலையும் நடுக்கத்தையும் வீட்டில் ‘குணம் கெட்டுப்போச்சு’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் போக, இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’ என்கிற பேச்சு இருந்தால் அது மனச்சோர்வுதான், அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது, பல பேர் கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். ‘ஆமா’ என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை டப்பாக்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். ராத்திரி எந்நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

கணையக் குழாய் அடைத்து வீங்கியிருந்தால் கல்லை அதிர்வலையால் உடைப்பது, எண்டோஸ்கோப்பி, ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. குழாய் வீங்கியவர்களில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, முதலில் எண்டோஸ்கோப்பி செய்தவர்களைவிட வலி குறைந்திருந்தது என்று 2020-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. ‘எனக்கு அது பொருந்துமா’ என்று குடல் டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: எனக்குக் குடியால் வந்த கணைய நோய். குடியை விட்டுவிட்டேன், பீடி மட்டும் உண்டு. வலிக்கு டிராமடால் போடுகிறேன். இப்போது மனநல டாக்டர் வேறு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் போடலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: குடியை விட்டதற்குக் கைகொடுக்கிறேன் அண்ணே, ஆனால் பீடி தனியாகவே கணையத்தைக் கெடுக்கும், ‘மட்டும்’ என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மாத்திரை விஷயம் நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. டிராமடாலோடு சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரலாம், வலிப்புகூட வரும். இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். டிராமடாலை நீங்களாகப் பட்டென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டியது அது. வலி குறையவில்லையே என்று ஒன்றுக்கு இரண்டாகப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

கேள்வி: தம்பிக்கு இதே நோய். மனநல சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வெளிநோயாளி ஃபீஸும் மாத்திரைச் செலவும் உங்கள் பாலிசியில் உண்டா என்று பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். கணைய நோய் முன்னாலேயே இருந்தது என்பதை மறைக்காமல் எழுதித்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள்.