மனப்பான்மை அளவுகோல்கள்: கேள்வி பதில்

ஒரு விஷயத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எண்ணால் அளக்கும் கேள்வித் தொகுப்புதான் மனப்பான்மை அளவுகோல். இன்று அதைப் பற்றி மட்டும் பேசலாம்: கூற்றுகளை எழுதுவது, விடைக் கட்டங்களை அமைப்பது, வரும் மதிப்பெண்ணைப் படிப்பது. மாதிரி எடுப்பது என் துறை இல்லை. ஒரு வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினாப்பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன், யாரை ஆய்வு செய்யப் போகிறீர்களோ அவர்களில் சிலரோடு உட்காருங்கள். ஒவ்வொரு கூற்றையும் படித்துக் காட்டி, "உங்களுக்கு என்ன புரிந்தது, ஏன் இந்தக் கட்டத்தைச் சொன்னீர்கள்" என்று கேளுங்கள். இதைச் செய்யாததால் வரும் கோளாறை எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற புள்ளியியல் மென்பொருள் சரிசெய்யாது.

எம்.எட். மாணவி, திருநெல்வேலி: "இணையவழி வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது" என்று ஒரே ஒரு கூற்று. கீழே "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள். இதை லிக்கர்ட் அளவுகோல் என்று எழுதலாமா மேடம்?

எழுதக் கூடாது. இது லிக்கர்ட் பாணியில் அமைந்த ஒரு கேள்வி, அவ்வளவுதான். 1920களின் இறுதியில் சிகாகோவில் லூயி தர்ஸ்டன் மனப்பான்மையை அளக்க ஒரு வழி கண்டார். தேவாலயத்தைப் பற்றி 130 கூற்றுகளைத் திரட்டி, நூற்றுக்கணக்கான நடுவர்களிடம் கொடுத்து, ஆதரவிலிருந்து எதிர்ப்பு வரை 11 அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னார். நடுவர்கள் வைத்த இடங்களின் இடைநிலைதான் அந்தக் கூற்றின் மதிப்பு. நுட்பமான முறை, ஆனால் உழைப்பு மிக அதிகம். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்வில், நடுவர்களே வேண்டாம் என்றார். பதில் சொல்பவரே ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார். 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, எல்லாக் கூற்றுகளுக்கும் கூட்டினால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும். நம்பகத்தன்மை, அதாவது அளவு எவ்வளவு நிலையாக வருகிறது என்பது, தர்ஸ்டன் முறைக்குக் குறையவில்லை என்றும் காட்டினார்.

ஆக, லிக்கர்ட் முறையின் உயிர் அந்தக் கூட்டலில் இருக்கிறது. ஒரே கூற்றின் விடையில் அன்றைய எரிச்சல், ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது எல்லாம் கலந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு கூற்றுகளைச் சேர்க்கும்போது அந்தக் கலப்பு பெருமளவு ஒன்றையொன்று கழித்துவிடும். உங்கள் தலைப்பில் பாடம் புரிந்ததா, சந்தேகம் கேட்க முடிந்ததா, கவனம் நின்றதா, மறுபடி இப்படிப் படிக்க விருப்பமா என்று பல கூற்றுகள் எழுதுங்கள். வீட்டில் நெட் கிடைத்ததா என்பதை இதில் சேர்க்காதீர்கள். அது வசதி பற்றிய கேள்வி, மனப்பான்மை அல்ல.

முனைவர் பட்ட மாணவர், கோயம்புத்தூர்: ஐந்து கட்டங்களா, ஏழா?

இரண்டும் சரிதான். இரண்டு மூன்று கட்டங்களிலிருந்து ஐந்து ஏழுக்குப் போகும்போது நம்பகத்தன்மை நன்றாக ஏறும், அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. ஆனால் வாய்மொழியாகக் கேட்கும்போது ஏழு விடைகளை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் "ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?" அப்புறம் "ரொம்பவா, ஓரளவா, கொஞ்சம்தானா?" எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது நன்றாக வேலை செய்கிறது.

சமூகப்பணி மாணவி, திண்டுக்கல்: மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஆய்வு செய்கிறேன். "குழுக் கடன் என் குடும்பத்துக்கு நிம்மதி தந்தது" என்பதற்கும் "குழுக் கடன் என் குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டது" என்பதற்கும் ஒரே அக்கா "ஆமாம்மா, சரிதாம்மா" என்கிறார். இப்படிப் பலர். இந்தத் தாள்களை ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்காதீர்கள். இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

முதலில், அந்த அக்காவுக்கு இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வட்டிக்காரரிடமிருந்து விடுபட்டது நிம்மதி, வாரத் தவணை சுமை. இரண்டு கூற்றுகளும் நேரெதிர் என்று நினைத்தவர் நீங்கள், அவர் அல்ல. "எப்படி அக்கா இரண்டும்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, எதைக் கேட்டாலும் உடன்படும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. 1950இல் அமெரிக்காவில் வெளிவந்த எதேச்சாதிகார ஆளுமை ஆய்வின் அளவுகோலில் கூற்றுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன. உடன்பட்டால் எதேச்சாதிகாரப் போக்கு என்று கணக்கு. வெறுமனே தலையாட்டுகிறவரும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார் என்று அதன் மேல் எழுந்த விமர்சனம் பல வருடங்கள் ஓடியது. உங்கள் களத்தில் மரியாதையும் சேர்கிறது. படித்த பெண் வீடு தேடி வந்து, தாளைப் பார்த்து ஒன்றைப் படிக்கிறாள். அதை மறுத்துப் பேசுவது நன்றாக இருக்காது என்று அவர் நினைக்கிறார்.

வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, பாதிக் கூற்றுகளை எதிர்த்திசையில் எழுதுவது. எழுதுங்கள், ஆனால் "இல்லை" சேர்த்து எழுதாதீர்கள். "கடன் எனக்கு உதவவில்லை" என்பதற்கு "உடன்படவில்லை" என்று பதில் சொல்ல மனதுக்குள் இரண்டு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. இதைவிட நல்ல வழி, உடன்பாட்டையே விட்டுவிட்டு விஷயத்தை நேராகக் கேட்பது. "கடன் அதிகாரி எங்களை மரியாதையாக நடத்துகிறார், உடன்படுகிறீர்களா?" என்பதற்குப் பதில், "கடன் அதிகாரி உங்களிடம் எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறார்: மிகவும், ஓரளவு, கொஞ்சம், துளியும் இல்லை?" இங்கே தலையாட்ட ஏதும் இல்லை. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

எம்.பி.ஏ. மாணவர், சேலம்: கூகுள் ஃபார்மில் 384 பேர் நிரப்பினால் போதுமா?

மாதிரி பற்றி முறையாகப் படித்தவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 384 என்பது பெரிய மக்கள்தொகையிலிருந்து எளிய சீரற்ற முறையில் ஆட்களை எடுத்து, 95% நம்பிக்கையில் 5% பிழைக்குள் ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கான எண். வாட்ஸ்ஆப் குழுக்களில் லிங்க் அனுப்பிச் சேர்த்த 384 பேருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கல்லூரி விரிவுரையாளர், தஞ்சாவூர்: நடுக்கட்டத்தை எடுத்துவிட்டு நான்காக வைக்கட்டுமா? எல்லோரும் நடுவிலேயே டிக் செய்கிறார்கள்.

"தெரியாது" என்று தனிக் கட்டம் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தெரியாதவர், அக்கறை இல்லாதவர், இரண்டு பக்கமும் இழுபடுகிறவர், சீக்கிரம் முடித்தால் போதும் என்பவர் எல்லோரும் நடுவில்தான் வந்து உட்காருவார்கள். முதலில் அவர்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுங்கள். நடுவை எடுத்தால் உண்மையிலேயே நடுவில் நிற்பவரைப் பொய் சொல்ல வைக்கிறீர்கள். நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

ஆய்வு மாணவர், மதுரை: "ஆசிரியர் தேர்வுக்கு நன்றாகத் தயார் செய்கிறார்" என்ற கூற்றுக்கு ஒரு பள்ளியில் சராசரி 3.7, இன்னொன்றில் 3.4. முதல் பள்ளி மேல் என்று எழுதலாமா?

அந்த ஒரு கூற்றை மட்டும் வைத்து எழுதாதீர்கள். ஒரு பள்ளியில் பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. இன்னொன்றில் ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் 3தான். எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் என்று முதலில் காட்டுங்கள். பல கூற்றுகளைக் கூட்டிய மதிப்பெண் என்றால் சராசரி எடுக்கலாம்.

புள்ளியியல் பேராசிரியர், சென்னை: கடைசி வரியை நான் ஏற்கவில்லை, மேடம். கட்டங்களுக்கு வரிசை உண்டே தவிர, இடைவெளிகள் சமம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இலேயே வரிசை அளவை (எது முன், எது பின் என்று மட்டும் சொல்வது) வேறு, இடைவெளி அளவை (இடைவெளிகளும் சமமாக இருப்பது) வேறு என்று பிரித்துவிட்டார். வரிசை எண்களைக் கூட்டினால் அவை இடைவெளி எண்களாக மாறிவிடுமா?

கூட்டுவதால் மட்டும் மாறாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையில் நாம் கேட்க வேண்டியது, சராசரி எடுப்பதால் முடிவு தவறாகிறதா என்பது. 2010இல் ஜெஃப் நார்மன் இதை விரிவாக எழுதினார். சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட், அனோவா, இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் ஒட்டுறவு எல்லாம் இப்படிப்பட்ட தரவுகளிலும் நிலைகுலையாமல் நிற்கின்றன என்பதே அவர் வாதம்.

புள்ளியியல் பேராசிரியர், சென்னை: டெஸ்ட் நிலைகுலையாமல் நிற்பது வேறு, எண்ணுக்குப் பொருள் இருப்பது வேறு. ஒரு கணக்கு பாருங்கள். அ வகுப்பில் எல்லோரும் 3. ஆ வகுப்பில் பாதிப் பேர் 1, பாதிப் பேர் 4. சராசரி 3, 2.5. அ மேல். இப்போது அதே வரிசையைக் காப்பாற்றி, கட்டங்களுக்கு 1, 2, 3, 6, 7 என்று எண் கொடுங்கள். அ அதே 3, ஆ 3.5. வரிசை தலைகீழ். எந்த எண் சரி என்று விடைத்தாள் சொல்லாது.

இது சரியான கணக்கு. மதுரை மாணவரும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கூற்றுக்கு இது என் வாதத்தை முழுவதும் முறியடிக்கிறது, அதனால்தான் அங்கே சராசரி வேண்டாம் என்றேன். பன்னிரண்டு கூற்றுகளின் கூட்டில் நிலைமை வேறு. ஒருவரின் மதிப்பெண் 12 முதல் 60 வரை எங்கேயும் விழலாம். கட்டங்களுக்கு நீங்கள் சொன்னது போல எண்ணை மாற்றிப் போட்டாலும், ஆட்களின் வரிசை பெரும்பாலும் பழையதை ஒட்டியே வரும். கூற்றுகள் ஒன்றோடொன்று நன்றாகச் சேரவில்லை என்றால் இது நடக்காது. அதனால்தான் கூட்டுவதற்கு முன், எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்யுங்கள் என்கிறோம்.

புள்ளியியல் பேராசிரியர், சென்னை: "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி ஒரு பள்ளியை இன்னொன்றுக்கு மேலே வைப்பீர்களா? வரிசைத் தரவுக்கென்றே தொடர்புப் போக்கு (ரெக்ரஷன்) மாதிரிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. மென்பொருளில் நாலு வரி. அதைக் கற்றுக்கொடுக்காமல் சராசரிக்கு அனுமதி கொடுத்தால் மாணவர்கள் அதையேதான் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மாதிரிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். பள்ளிகளுக்கு ரேங்க் போடுவதிலும் உங்கள் பக்கம், வேண்டாம். என் மறுப்பு ஒன்றுதான். சராசரியை அடியோடு தடை செய்தால் மாணவர்களின் கவனம் முழுக்க டெஸ்ட்டின் பெயரில் போய்விடுகிறது, கூற்றுகளை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வரும் ஆய்வேடுகளில் கணக்கு சரியாக இருக்கும். "ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் கற்பிக்கிறார்" என்று இரண்டு விஷயங்களை ஒன்றில் திணித்த கூற்று அப்படியே இருக்கும். அதற்கு எந்த மாதிரி போட்டாலும் பயனில்லை.

ஆய்வு மாணவர், மதுரை: அப்போ நான் தீசிஸில் என்ன எழுத?

கூற்று வாரியாகச் சதவீதம். கூட்டு மதிப்பெண்ணுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும். பிறகு பேராசிரியர் சொன்ன வரிசை மாதிரியில் அதே ஒப்பீடு. இரண்டும் ஒரே முடிவைத் தந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். மாறினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வைவாவில் யார் கேட்டாலும் நிற்கும்.

பி.எட். மாணவி, விழுப்புரம்: மேடம், ஐந்து நல்லதா ஏழு நல்லதா?

மேலே கோயம்புத்தூர் மாணவருக்குச் சொன்னதுதான்.

எம்.காம். மாணவர், ஈரோடு: 400 பேர் எடுத்தால் பரவாயில்லையா?

மாதிரி அளவு பற்றி இனி பதில் சொல்லப் போவதில்லை.

உளவியல் மாணவர், திருச்சி: கிரான்பாக் ஆல்ஃபா 0.96 வந்திருக்கிறது. கைடு பாராட்டினார்.

ஆல்ஃபா என்பது கூற்றுகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், வழக்கமாக 1ஐ நெருங்கினால் நல்லது என்பார்கள். ஆனால் கூற்றுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல் மாற்றிப் பலமுறை கேட்டால் ஆல்ஃபா அப்படித்தான் ஏறும். கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலும் ஏறும். எல்லாம் ஒரே மனப்பான்மையைத்தான் அளக்கின்றன என்பதற்கு அது சான்று இல்லை. அச்சடிக்கும் முன் நாலு பேரிடம் கேட்டீர்களா? "இதைத்தான் முன்னாடியே கேட்டீங்களே" என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

பொதுச் சுகாதார மாணவி, யாழ்ப்பாணம்: "உங்கள் மருத்துவமனைச் சேவை எப்படி" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஐந்து கட்டங்களில் கேட்கிறோம். இரண்டு மாவட்டங்களின் மதிப்பெண்ணை ஒப்பிடலாமா?

நேரடியாக ஒப்பிடுவது ஆபத்து. சேவை மோசமாக இருந்தே பழகியவருக்குக் கொஞ்சம் கவனிப்பே "மிக நன்று". கேரி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதற்கு அருமையான ஒரு வழி காட்டினார்கள். அரசின் முடிவுகளில் தங்களுக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்று சீனர்களிடமும் மெக்சிகோ மக்களிடமும் கேட்டபோது, சீனர்கள் தங்களை உயர்வாகவே மதிப்பிட்டார்கள். பிறகு, குரலே இல்லாத ஒருவர், ஓரளவு உள்ள ஒருவர் என்று கற்பனை மனிதர்களை விவரித்து, அவர்களையும் அதே கட்டங்களில் மதிப்பிடச் சொன்னார்கள். அதை வைத்துத் திருத்தியதும் முடிவு தலைகீழானது. நீங்களும் செய்யலாம்: "ஒரு நோயாளி மூன்று மணிநேரம் காத்திருந்தார், மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்தார், மருந்து வெளியே வாங்கச் சொன்னார். இவருக்குக் கிடைத்த சேவை எப்படி?" இரண்டு மொழிகளிலும் ஒரே கதை. மொழிபெயர்ப்பை இரு மாவட்டத்திலும் சில நோயாளிகளிடம் படித்துக் காட்டிய பிறகே களத்துக்குப் போங்கள்.

பத்திரிகையாளர், சென்னை: "கட்டாயம் வாக்களிப்பேன்" என்று 90 சதவீதம் பேர் சொன்னால், 90 சதவீதம் வாக்களிப்பார்களா?

மாட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்தார். சுமார் 250 விடுதிகள், உணவகங்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, "சீனர்களை ஏற்பீர்களா" என்று அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார். பதில் அனுப்பிய 128 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். தாளில் சொல்வதும் வாசலில் செய்வதும் அவ்வளவு விலகும். உங்கள் கேள்வியில் விலகல் எதிர்ப்பக்கம் இருக்கும், ஏனென்றால் வாக்களிப்பேன் என்பதுதான் மரியாதையான பதில். போன தேர்தலில் வாக்களித்தாரா, வாக்குச்சாவடி எங்கே இருக்கிறது என்று தெரியுமா, அன்றைக்கு ஊரில் இருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.